கீரைப் பாத்தியில் ஓடில்லாத நத்தைகள்: மண்ணைக் கெடுக்காமல் கட்டுப்படுத்துவது எப்படி?

தடப்பள்ளிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, கொடிவேரி அணையிலிருந்து பிரிந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய ஊரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று சென்ட் இடத்தில் அரைக்கீரை, பாலக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, கத்தரி, அவரை ஆகியவற்றை எட்டு ஆண்டுகளாக மருந்து எதுவும் தெளிக்காமல் வளர்த்து வருகிறேன். ஐப்பசி மழை பிடித்த பத்து நாட்களுக்குள், இரண்டு இலை விட்ட கத்தரி நாற்றுகளில் பாதிக்கு மேல் தண்டோடு அறுபட்டுப் போயின. பாலக்கீரையில் ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகள் விழுந்திருந்தன. முதலில் புழு என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு முறை தெளித்தேன், பயனில்லை. காலையில் பாத்தியின் வரப்புக் கற்களில் காய்ந்த கஞ்சித்தண்ணீரைப் போலப் பளபளக்கும் கோடுகளைக் கண்ட பிறகுதான் இரவில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒன்பதரை மணிக்கு டார்ச் விளக்குடன் போனபோது, விரல் நீளத்தில், கருமையான தட்டை உடலும் முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடும் கொண்ட உயிர்கள் பாத்தி முழுவதும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரே இரவில் நாற்பத்திரண்டு எண்ணினேன். அக்கம்பக்கத்தில் இதை அட்டை என்கிறார்கள். கல்லுப்பை அள்ளித் தூவினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று என் அத்தை சொல்கிறார். உரக்கடையில் குருணை மருந்து ஒன்றைக் காட்டினார்கள். எங்களிடம் பதினொரு நாட்டுக்கோழிகளும் ஒரு நாயும் இருக்கின்றன. ஆறு வயது மகள் என்னோடு தோட்டத்திலேயே திரிகிறாள். உப்பு போடலாமா? குருணையை நம்பலாமா? மண்ணையும் கோழிகளையும் கெடுக்காத வழி இருந்தால், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனைமலைத் தோப்பு எழுதியது:

வணக்கம் அம்மிணி. நீங்கள் வர்ணித்திருப்பது அட்டை அல்ல. அட்டை இரத்தம் குடிக்கும், செடியைத் தொடாது. உங்கள் பாத்தியில் இருப்பது ஓடில்லாத நத்தை. கருமையும் தட்டை உடலும் நடுமுதுகுக் கோடும் இருப்பதால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் நாடெங்கும் பரவிவிட்ட லேவிகாலிஸ் ஆல்டே என்ற இனமாகவே இருக்க வேண்டும். எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளிலும் வாழைத் தோட்டங்களிலும் இது ஏராளம். பெயரை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அட்டை என்று எண்ணிக் கொள்வதாலேயே பலர் அது இலையைத் தின்னாது என்று விட்டுவிட்டுப் புழுவைத் தேடி மருந்தடிக்கிறார்கள். புழு தின்ற இலையின் கீழே மிளகுப் பொடி போல எச்சம் கிடக்கும். நத்தை தின்ற இடத்தில் காய்ந்த சளிக்கோடு இருக்கும். புழுவுக்கான வேப்பெண்ணெய் இதற்கு ஒன்றும் செய்யாது. நம் கொடுமுடி வட்டாரத்திலிருந்து பரவிய பஞ்சகவ்யத்தையும் சிலர் இதற்குப் பரிந்துரைக்கிறார்கள். அது செடிக்கு ஊட்டம் தருமே தவிர நத்தையைத் தடுக்காது.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உப்பு பட்டால் நத்தை சாகும் என்பது உண்மை. அதன் உடலில் பெரும்பகுதி தண்ணீர்தான். உப்பு அந்தத் தண்ணீரைத் தோல் வழியே வெளியே இழுத்துவிடுகிறது. ஆனால் நாற்பது நத்தைக்கும் சேரும் அளவுக்குப் பாத்தியில் கல்லுப்பைத் தூவினால், அதே உப்பு உங்கள் கீரையின் வேரிலிருந்தும் தண்ணீரை இழுக்கும். வாய்க்கால் தண்ணீர் பாயும் உங்கள் ஊரில் அதைக் கழுவிவிடலாம் என்று தோன்றலாம். எங்களைப் போல ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றின் உவர்ப்பான சப்பைத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கோ, மண்ணில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் உப்பே பெரும் கவலை. வெள்ளை பூத்த மண்ணைத் திருப்பி எடுக்க ஆண்டுகள் ஆகும். உங்கள் அத்தையிடம் மரியாதையோடு இதை எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவும் உப்பைத்தான் சொன்னார். ஒருமுறை சாமந்திப் பாத்தியில் போட்டுப் பார்த்து, நத்தை போன இடத்தில் சாமந்தியும் போனதைக் கண்ட பிறகு விட்டுவிட்டார்.

நான் ஏழு மழைக்காலங்களாகச் செய்துவருவதைச் சொல்கிறேன். நத்தையைத் தேடி நாம் அலைவதைவிட, அது பகலில் ஒளிய ஓர் இடத்தை நாமே கொடுத்துவிட்டு, விடிந்ததும் அங்கே போய் எடுத்துக்கொள்வதுதான் எளிது. இதற்கு உரித்த தேங்காய் மட்டையைப் போல வசதியான பொருள் வேறில்லை. பச்சை மட்டைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, நான்கடிக்கு ஒன்று என்ற கணக்கில் பாத்தி ஓரங்களில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே பப்பாளித் தழையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ ஒரு துண்டு வைத்தால் இன்னும் நன்று. இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியும் முன் ஈரமும் இருட்டும் தேடி மட்டைக்குள் ஒடுங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள், காலை ஆறரை மணி வாக்கில் மட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். மட்டை கிடைக்காதவர்கள் நனைத்த சணல் சாக்கை நான்காக மடித்துப் போடலாம்.

எடுத்ததை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் சாகும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் எங்கும் ஊற்ற முடியாது. ஆகவே நான் கொதிக்கும் தண்ணீரை ஒரு பழைய வாளியில் எடுத்துவருகிறேன், உடனே முடிந்துவிடுகிறது. ஆறிய பின் அதை வாழைக்கு அடியில் ஓரடிக் குழியில் ஊற்றி மூடிவிடலாம். மிதித்துக் கொன்றுவிட்டு அங்கேயே விட்டுவிடாதீர்கள். உடல் நசுங்கினாலும் உள்ளே இருக்கும் முட்டைகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது உங்கள் மகளைப் பற்றியது. இந்த நத்தையை ஒருபோதும் வெறுங்கையால் தொட விடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நூற்புழுவின் இளம்பருவம், எலி எச்சத்தைத் தின்னும் நத்தையின் உடலில் வளர்கிறது. அந்த நத்தையோ, கீரையில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குட்டி நத்தையோ வேகாமல் மனிதர் வயிற்றுக்குள் போனால், அந்தப் புழு மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சியை உண்டாக்கும். அரிதான நோய்தான், ஆனால் கடுமையானது. ஆகவே கையுறையோ இடுக்கியோ பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் கொத்தமல்லியைப் பச்சையாகச் சட்னியில் அரைப்பதற்கு முன் ஒவ்வோர் இணுக்காகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இருமுறை கழுவுங்கள். வேகவைத்த கீரையில் இந்த அச்சம் இல்லை.

வடவள்ளி மாடித்தோட்டம் எழுதியது:

ஆனைமலை ஐயா சொன்னவற்றுடன், மாடியில் வளர்ப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டாம் மாடிக்கு நத்தை எப்படி ஏறி வந்தது என்று நான் ஒரு பருவம் முழுவதும் குழம்பினேன். அது ஏறி வரவில்லை. நான்தான் தூக்கி வந்திருக்கிறேன். நாற்றுப் பண்ணையில் வாங்கிய செவ்வந்தித் தொட்டியைக் கவிழ்த்தபோது, வேருக்கும் தொட்டியின் சுவருக்கும் இடையே ஊறவைத்த ஜவ்வரிசியைப் போன்ற முட்டைகள் கொத்தாக இருந்தன. இப்போது எந்தச் செடி வாங்கினாலும் தொட்டியிலிருந்து உருவி, வேர்மண்ணைச் சுற்றிலும் பார்த்து, முட்டை இருந்தால் அந்த மண்ணை உதறி வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் மாடிக்கு ஏற்றுகிறேன். மாதக்கணக்கில் திறந்தவெளியில் ஈரமாகக் குவித்து வைத்திருந்த தென்னை நார்க்கழிவையும் இப்படியே பார்க்க வேண்டும். தளத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்ட பிறகே பையில் நிரப்புகிறேன். இந்த நத்தைகள் ஆணும் பெண்ணுமாகிய ஓருடல் உயிர்கள் என்பதால், தப்பி வரும் ஒவ்வொன்றும் முட்டையிடக் கூடியது என்பதை மறக்கக் கூடாது. வளர்ப்புப் பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காமல், இரும்புத் தாங்கியிலோ செங்கல் மேலோ வைத்தால் அடியில் ஈரம் தங்காது. ஒளிய இடமும் இருக்காது.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் முட்டை ஓடு, காப்பித்தூள் சக்கை, செப்புப் பட்டை ஆகிய மூன்றையும் நான் உண்மையாகவே நம்பி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதங்கள் செய்து பார்த்தேன். முட்டை ஓட்டின் மேல் நத்தை தன் சளியைப் பரப்பிக்கொண்டு எளிதாக நகர்ந்து போனதை டார்ச் வெளிச்சத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் செப்புப் பட்டை, முட்டை ஓடு, கரடு மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகியவற்றைக் கீரைச் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்து, 2018-இல் வெளியிட்ட முடிவும் இதுவே: எதுவும் வைக்காத செடிகளுக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வேறுபாடு இல்லை. காப்பியைப் பொறுத்தவரை அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறையினர் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், 1 முதல் 2 சதவீதம் காஃபீன் கலந்த கரைசல் நத்தைகளைக் கொன்றது. ஆனால் நாம் ஃபில்டரில் இறக்கி வெளியே கொட்டும் சக்கையில் அந்த அளவு காஃபீன் எஞ்சுவதில்லை. சக்கையை உரக்குழியில் போடுங்கள். அங்கே அதற்குப் பயன் உண்டு.

சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் உலர்ந்திருக்கும் வரை தடுக்கின்றன. ஒரு தூறல் போட்டால் முடிந்தது. நத்தை வருவதே தூறலில்தான்.

தடப்பள்ளிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே பன்னிரண்டு மட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். இன்று காலை முப்பத்தொரு நத்தைகள் கிடைத்தன. மகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்து, எண்ணும் வேலையை மட்டும் ஒப்படைத்திருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. எங்கள் பாத்தி முழுவதும் கரும்புத் தோகையும் தென்னங்கீற்றும் அரையடி உயரத்துக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறேன். அதற்குள்ளேயே ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்குமோ என்று இப்போது அச்சமாக இருக்கிறது. எட்டு ஆண்டுகளாகச் சேர்த்த மண்ணின் உயிர் அந்த மூடாக்கில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட மனம் வரவில்லை. இரண்டாவது, குருணை மருந்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. உறவினர் ஒருவர் அதை வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவிநாசிக் கிணற்றடி எழுதியது:

சகோதரி, அந்தப் பொட்டலத்தை முதலில் திண்ணையிலிருந்து எடுத்து, நாயும் குழந்தையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

நத்தைக்கென்று கடைகளில் விற்கும் குருணைகளில் பெரும்பாலும் இருப்பது மெட்டால்டிஹைடு, பொதுவாக 2.5 சதவீதம். நத்தை விரும்பி வரவேண்டும் என்பதற்காகத் தவிட்டையோ மாவையோ சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். நாய்க்கும் அது தின்பண்டமாகவே மணக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வெண்டைப் பாத்தியில் ஒரு கைப்பிடி தூவினேன். எங்கள் வீட்டு நாய், எட்டு வயது, அதை நக்கியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, காய்ச்சலில் கொதித்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. இந்த நஞ்சுக்கென்று தனியான முறிமருந்து இல்லை. வலிப்பை அடக்கி, உடல் வெப்பத்தைக் குறைத்து, உயிரைப் பிடித்து வைக்க மட்டுமே முடியும் என்று அவர் சொன்னார். அன்றைக்கு அந்தப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை நான் படித்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. கோழிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பிரிட்டனில் பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் உண்டாகும் கேட்டைக் காரணம் காட்டி, திறந்தவெளியில் இதைப் பயன்படுத்துவதை 2022-இலிருந்து தடை செய்துவிட்டார்கள்.

மருந்து வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், இரும்பு பாஸ்பேட் கலந்த குருணையைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தின்ற நத்தை உடனே மேய்ச்சலை நிறுத்திவிட்டு, எங்காவது ஒளிந்து சில நாட்களில் சாகும். செத்த நத்தை கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக் கூடாது. இலையில் புதிய ஓட்டை விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது மெட்டால்டிஹைடை விடப் பன்மடங்கு பாதுகாப்பானது என்றாலும், கோழி கொத்தும் இடத்தில் நான் அதையும் குவியலாக வைக்க மாட்டேன். முப்பத்தொன்று ஒரே காலையில் கிடைக்கும்போது உங்களுக்கு மருந்தே தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனைமலைத் தோப்பு எழுதியது:

அவிநாசித் தம்பியின் இழப்பைப் படித்து வருந்துகிறேன். அவர் சொன்னதற்கு மேல் குருணையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மூடாக்கைப் பற்றி அம்மிணி கேட்டது நல்ல கேள்வி. நானும் இதில் பல ஆண்டுகள் தடுமாறினேன். மூடாக்கை முழுவதும் எடுத்துவிட வேண்டியதில்லை. நத்தைக்கு அது வீடாவது ஈரமும் கனமும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான். எனவே ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களுக்கு மட்டும், இளம் நாற்றும் கீரையும் உள்ள பாத்திகளில் செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு மண்ணை வெறுமையாக விட்டு, மற்ற இடத்தில் அரையடி உயரத்தை இரண்டு விரற்கடைக்குக் குறையுங்கள். எடுத்த தோகையைத் தென்னைக்கும் வாழைக்கும் போட்டுவிடலாம். அங்கே நத்தை தின்று கெடுக்க இளந்தளிர் எதுவும் தரையில் இல்லை. மழை ஓய்ந்து, மண் காயத் தொடங்கியதும் பழையபடி கனமாகப் போடுங்கள். கோடையில் இந்த நத்தைகள் மண்ணின் வெடிப்புகளுக்குள் இறங்கி அசையாமல் கிடக்கும். அப்போது மூடாக்கால் அவற்றுக்குப் புதிதாக ஒரு நன்மையும் இல்லை, மண்ணுக்குத்தான் நன்மை.

இன்னொன்றைக் கேட்க மறந்துவிட்டேன்: நீங்கள் எப்போது தண்ணீர் விடுகிறீர்கள்? மாலையில் என்றால், அதைக் காலைக்கு மாற்றுங்கள். மாலையில் நனைத்த பாத்தி, நத்தை மேயும் நேரம் முழுவதும் ஈரமாக இருக்கும். காலையில் நனைத்தது இருட்டுவதற்குள் மேல்மண்ணாவது உலர்ந்துவிடும். சளியைச் செலவழித்து உலர்ந்த மண்ணில் நகர்வது அதற்குக் கடினம். மழை பெய்யாத நாட்களில் இந்த ஒரு மாற்றமே பாதிச் சேதத்தைக் குறைத்ததை என் தோட்டத்தில் கண்டிருக்கிறேன்.

மேலை நாடுகளில் பீரைக் கிண்ணத்தில் ஊற்றிப் புதைத்து வைப்பார்கள். நத்தையை இழுப்பது அதன் போதை அல்ல, புளிப்பு மணம்தான். அதனால் நன்றாகப் பொங்கிப் புளித்த இட்லி மாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி பதித்து வைத்தால் எங்கள் தோட்டத்தில் நன்றாகவே விழுகின்றன. விளிம்பை மண்மட்டத்துக்கே வைத்தால், நமக்கு உதவியாக இரவில் வேட்டையாடும் தரை வண்டுகளும் தவறி உள்ளே விழும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாவை மாற்ற வேண்டும். இல்லையென்றால் எலி வரும்.

வேலியோரத்துப் புதரில் செம்போத்து இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். நத்தையை விரும்பித் தின்னும் பறவை அது. மின்மினிப் பூச்சியின் புழுவும் நத்தையைத்தான் தின்று வளர்கிறது. ஈரமான வரப்போரத்தில் இரவில் தரையோடு ஒளிரும் புழுக்களைக் கண்டால் அவற்றை விட்டுவிடுங்கள். தேரைகளும் அப்படியே. நாட்டுக்கோழி சிறிய நத்தைகளைக் கொத்தும். பெரிய கறுப்பு நத்தையின் சளி அலகில் ஒட்டுவதால் எங்கள் கோழிகள் அவற்றைத் தொட்டதில்லை. வாத்து தின்னும். வாய்க்கால் பக்கத்தில் இருப்பதால் இரண்டு வாத்து வளர்க்க உங்களுக்கு வசதி உண்டு, ஆனால் நாற்றங்காலுக்குள் விட்டால் நத்தையைவிட அதிகமாக மிதித்துவிடும்.

தடப்பள்ளிக்கரை எழுதியது (மூன்று வாரங்கள் கழித்து):

மீண்டும் வணக்கம். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே உறவினரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவிநாசி அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவரும் அதைக் கடையில் திருப்பிவிட்டார்.

தண்ணீர் விடுவதைக் காலை ஏழு மணிக்கு மாற்றினேன். கீரைப் பாத்தியின் மூடாக்கை ஐயா சொன்ன அளவுக்குக் குறைத்தேன். அப்படி வாரும்போது தோகைக்கு அடியில், வரப்புக் கல் ஒன்றின் நிழலில், வடவள்ளி அக்கா சொன்ன ஜவ்வரிசி முட்டைகள் இரண்டு கொத்துகள் கிடைத்தன. மட்டைகளை ஒரு நாளும் தவறாமல் புரட்டிவருகிறோம். மகள் பழைய நாட்காட்டியில் எழுதி வைத்த கணக்கு இது: முதல் வாரம் நூற்று அறுபத்தேழு, இரண்டாம் வாரம் எழுபத்துநான்கு, இந்த வாரம் இருபத்திரண்டு. இடையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தபோது எண்ணிக்கை சட்டென்று ஏறியது. பதற்றப்படாமல் தொடர்ந்தோம், மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. இட்லி மாவுக் கொட்டாங்குச்சியில் மட்டையை விடக் குறைவாகவே விழுந்தன. ஆனால் மட்டைக்கு வராத, விரல்நகம் அளவுள்ள பழுப்பு நிறக் குட்டிகள் அதில்தான் அகப்பட்டன. ஆகவே இரண்டையும் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை விட்ட கத்தரி நாற்றில் அறுபதுக்கு நான்குதான் போயின. நாற்றங்காலில் அடர்ந்து நிற்கும் அவற்றை அடுத்த வாரம் நடவிருக்கிறேன். என் அத்தை நேற்று மாலை தானாகவே பன்னிரண்டு மட்டைகளையும் ஊறப்போட்டு வைத்திருந்தார்.